புதிய பாடல் நுட்பமும் "குரல் கெட்டுவிடுமோ" என்ற பயமும்
(கர்நாடக சங்கீதம் – செயன்முறைப் பயிற்சிக்கான விளக்கக் கட்டுரை)



சரளி வரிசையை அச்சமின்றிப் பாடிய மாணவி ஒருத்தி, மேல்ஸ்தாயி வரிசை தொடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். தார ஸ்தாயி ரிஷபம் வந்தவுடன் வாயசைவு மட்டுமே தெரிகிறது, ஒலி கேட்பதில்லை. காரணம் கேட்டால், "தொண்டை கட்டிப்போனால் செயன்முறைப் பரீட்சையில் என்ன செய்வது?" என்கிறாள். இவளைப் போன்றவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். நீங்களும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

இந்தப் பயம் முற்றிலும் காரணமற்றதன்று. குரலைத் தவறாகப் பயன்படுத்தினால் அது பாதிக்கப்படும் என்பது உண்மையே. ஆனால் எது ஆபத்து, எது ஆபத்தன்று என்பதைப் பிரித்தறியாத பயம் உங்களுக்கு உதவாது. அதைப் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குரல் எவ்வாறு பிறக்கிறது?

வாதனாளியின் மேல் முனையில் குரல்வளை அமைந்துள்ளது. அதனுள்ளே முன்பின்னாக இரண்டு குரல்நாண்கள் உள்ளன. வளர்ந்த பெண்களில் இவற்றின் நீளம் ஏறத்தாழ 12 – 17 மில்லிமீற்றர். ஆண்களில் ஏறத்தாழ 17 – 25 மில்லிமீற்றர். சுவாசப்பையிலிருந்து வெளியேறும் வளி, நெருங்கியுள்ள நாண்களினூடாகச் செல்லும்போது அவை அதிர்கின்றன. அவ்வொலி தொண்டை, வாய், மூக்கு ஆகிய குழிகளிற் பரிவுற்று உங்கள் குரலாக வெளிவருகிறது.

5 கட்டைச் சுருதியிற் பாடும் ஒரு மாணவியின் தார ஸ்தாயி ஷட்ஜத்தின் மீடிறன் ஏறத்தாழ 392 ஹேர்ட்ஸ் ஆகும். அதாவது அந்த ஸ்வரத்தில் ஒரு நிமிடம் நின்றால் குரல்நாண்கள் 23,520 தடவைகள் ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. இந்த எண்ணிக்கையிலிருந்து இரண்டு செய்திகளைப் பெறலாம். ஒன்று, இவ்வேலைக்கென்றே அமைந்த இழையம் ஓர் உயர்ந்த ஸ்வரத்தைத் தொட்டவுடன் கிழிந்துவிடுவதில்லை. மற்றையது, இவ்வளவு வேலை செய்யும் உறுப்புக்கு இடையிடையே ஓய்வு வேண்டும்.

2. உயர்ந்த ஸ்வரம் எதனால் உண்டாகிறது?

விஞ்ஞான பாடத்தில் ஈர்க்கப்பட்ட இழையின் அதிர்வைப் படித்திருப்பீர்கள். இழையின் இழுவை அதிகரித்தால் மீடிறன் கூடும். நீளமும் திணிவும் மாறாத இழையொன்றின் மீடிறனை இரு மடங்காக்க, இழுவையை நான்கு மடங்காக்க வேண்டும். வயலின் தந்தியின் சுருதியைக் கூட்ட நாம் பிருடையைத் திருகுகிறோமேயன்றி, வில்லை அழுத்துவதில்லை. வில்லை அழுத்தினால் ஒலி பெரிதாகும் அல்லது கீச்சிடும், சுருதி உயராது.

குரலிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. குரல்வளையின் சிறு தசைகள் நாண்களை இழுத்து மெல்லியதாக்கும்போதே ஸ்வரம் உயர்கிறது. ஆனால் பயிற்சியற்ற மாணவர் உயர்ந்த ஸ்வரத்துக்காக மூச்சை முழுப்பலத்துடன் தள்ளுகிறார், கழுத்தையும் இறுக்குகிறார். இது வில்லை அழுத்துவதற்கு ஒப்பானது. தொண்டை நோவதற்குக் காரணம் உயர்ந்த ஸ்வரமன்று. அதை அடைய அவர் தெரிந்தெடுத்த வழியே ஆகும்.

3. பயம் குரலை எவ்வாறு பாதிக்கிறது?

பயந்தவரின் தோள் உயர்கிறது, தாடை இறுகுகிறது, நாக்கின் அடிப்பகுதி பின்னே செல்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளும் இறுகுகின்றன. இந்நிலையிற் பாடினால் நாண்கள் அளவுக்கு மீறி அழுந்துவதால் தொண்டை நோகிறது. "நான் பயந்தது சரிதான்" என்று மாணவர் முடிவு செய்கிறார். அடுத்த முறை இன்னும் இறுக்கத்துடன் பாடுகிறார். இவ்வட்டத்தை உடைக்காமல் துணிவு மட்டும் வந்தாற் போதாது. பாடும் முறையும் மாறவேண்டும்.

சிறு பரிசோதனை: குரல்வளையின் முன்புறத்தில் விரலை மெதுவாக வையுங்கள். எச்சிலை விழுங்குங்கள். குரல்வளை மேலே எழுவதை உணர்வீர்கள். இப்போது மத்திய ஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து தார ஸ்தாயி ஷட்ஜம் வரை மெல்லப் பாடுங்கள். விழுங்கும்போது எழுந்த அளவுக்குக் குரல்வளை மேலே ஏறினால், நீங்கள் இறுக்கிப் பாடுகிறீர்கள் என்பது பொருள். தாடையைத் தளர்த்தி மீண்டும் முயலுங்கள்.

4. கண்ணாற் கண்டவர் ஒரு பாட்டாசிரியரே

பாடுபவரின் குரல்நாண்களை உயிருள்ளபோதே தெளிவாகப் பார்க்கும் முறையைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் ஒரு பாட்டாசிரியர் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். மனுவேல் கார்சியா (1805 – 1906) என்பவர் 1854 ஆம் ஆண்டு பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியொன்றைத் தமது தொண்டையினுள் வைத்து, கைக்கண்ணாடியால் அதன்மீது சூரிய ஒளியைத் திருப்பித் தமது குரல்நாண்களின் அசைவைக் கண்டார். 1855 இல் தமது அவதானங்களை இலண்டன் றோயல் சங்கத்துக்குச் சமர்ப்பித்தார். இன்று வைத்தியர்கள் நுண்ணிய கமராவின் உதவியுடன் சில நிமிடங்களில் நாண்களைப் பார்த்துவிடுகிறார்கள். ஆகவே சந்தேகம் வந்தால், ஊகித்துப் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை. பார்த்து அறிந்துகொள்ள வழி உண்டு.

5. உண்மையான ஆபத்துகள் எவை?

(அ) நாண்களின் அழற்சி: தடிமன், காய்ச்சல் வேளையில் நாண்கள் வீங்குகின்றன. குரல் கரகரக்கிறது. ஓய்வு எடுத்தால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களிற் குணமாகும். வீங்கிய நாண்களுடன் வலிந்து பாடுவதே ஆபத்து.

(ஆ) குரல்நாண் முடிச்சுகள்: நீண்டகாலம் கத்திப் பேசுவதாலும் இறுக்கிப் பாடுவதாலும் இரு நாண்களும் மோதும் இடத்தில் தடிப்பு ஏற்படுகிறது. இது ஒரு நாட் பாட்டினால் வருவதன்று. குரலைப் பயன்படுத்தும் முறையைத் திருத்தினால் பெரும்பாலும் சத்திரசிகிச்சையின்றியே குறைந்துவிடும்.

(இ) நாணில் இரத்தக் கசிவு: அரிதானது. கத்தும்போதோ பலமாகப் பாடும்போதோ குரல் திடீரென அடைத்துவிடும். உடனே குரலுக்கு முழு ஓய்வு கொடுத்து வைத்தியரை நாட வேண்டும்.

இம்மூன்றிலும் பொதுவாக உள்ளதைக் கவனியுங்கள். ஆபத்து புதிய நுட்பத்திலன்று. நோயுற்ற குரலை வலிப்பதிலும், நீண்டகாலத் தவறான பழக்கத்திலும், அளவுமீறிய பலத்திலுமே உள்ளது. இல்ல விளையாட்டுப் போட்டியில் நாள் முழுவதும் கூச்சலிட்ட மாணவர், மறுநாள் கரகரத்த குரலுக்குத் தார ஸ்தாயியைக் குறை கூறுவது பொருந்தாது.

6. குரல் மாறும் பருவம்

ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ 12 – 16 வயதில் குரல்வளை விரைவாக வளர்கிறது. நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்கிறது. இடையில் குரல் "உடைவது" இயல்பு. இது சேதமன்று; வளர்ச்சியாகும். பெண் பிள்ளைகளிலும் சிறிதளவு மாற்றம் நிகழ்கிறது. இப்பருவத்தில் பழைய சுருதியைப் பிடிவாதமாகப் பிடித்திருப்பதே தவறு. கர்நாடக இசையில் ஆதார ஷட்ஜத்தைப் பாடுபவர் தமது குரலுக்கேற்பத் தெரிவு செய்யலாம். ஆசிரியருடன் கலந்து சுருதியைத் தாழ்த்திக்கொள்வது குறைபாடாகாது.

7. புதிய நுட்பத்தை அணுகும் முறை

நமது இசை மரபே இதற்கு வழிகாட்டுகிறது. புரந்தரதாசர் வகுத்ததாகக் கொள்ளப்படும் பயிற்சி முறையில், அடுத்தடுத்த ஸ்வரங்களாகச் செல்லும் சரளி வரிசைக்குப் பின்னரே மேல்ஸ்தாயி வரிசை வருகிறது. ஒவ்வொன்றையும் முதலாங் காலத்தில் நிலைநிறுத்திய பின்னரே இரண்டாம், மூன்றாங் காலங்கள் வருகின்றன. சுமையைப் படிப்படியாகக் கூட்டும் இத்திட்டம் குரலைக் காப்பதற்கும் ஏற்றதாகும்.

இதிலிருந்து ஒரு விதியை அமைத்துக்கொள்ளலாம். உயரம், பலம், வேகம் ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுக.

• மேல்ஸ்தாயி வரிசை: உயரம் புதிது. ஆகவே மெல்லிய குரலில், முதலாங் காலத்திற் பாடுக. முதலில் "ம்" என்று வாய்மூடியும், பின்னர் "உ"காரத்திலும், இறுதியில் அகாரத்திலும் பாடிப் பழகுக.

• ஜண்டை வரிசை: இரட்டை ஸ்வரங்களில் இரண்டாவதற்கு அழுத்தம் தரவேண்டும். இங்கே பலம் புதிது. அழுத்தத்தை வயிற்றிலிருந்து எழும் சிறு மூச்சு உந்தலாற் கொடுக்க வேண்டும். தொண்டையால் வெட்டிக் கொடுத்தல் ஆகாது. மத்திய ஸ்தாயியில் ஆறுதலாகத் தொடங்குக.

• கமகம்: அசைவு புதிது. கம்பிதத்தை முதலில் மெதுவான அசைவாகப் பாடி, இரு ஸ்வர எல்லைகளையும் தெளிவாக உணர்ந்த பின்னரே வேகப்படுத்துக. தாடையை ஆட்டிக் கமகத்தை உண்டாக்க முயலக்கூடாது.

• நாட்டுக்கூத்துப் பாடல்: திறந்த வெளியில் ஓங்கிப் பாடும் மரபு இது. வகுப்பறையிற் கற்கும்போது முழுப்பலம் தேவையில்லை. மெட்டையும் சொற்களையும் குறைந்த குரலிற் பாடமாக்கிய பின், சில தடவைகள் மட்டும் ஓங்கிப் பாடுக.

ஒரே மூச்சில் 30 நிமிடம் பாடுவதிலும், பத்துப் பத்து நிமிடங்களாக மூன்று வேளை பாடுவது புதிய நுட்பத்துக்கு ஏற்றது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னர் 5 நிமிடம் மந்திர, மத்திய ஸ்தாயிகளில் மெல்லப் பாடிக் குரலைத் தயார் செய்க.

8. நாளாந்தச் சோதனை

பயத்துக்குப் பதிலாக ஒரு சோதனையைக் கைக்கொள்ளுங்கள். நாள்தோறும் குரலைத் தயார் செய்த பின், உங்களால் எட்டக்கூடிய ஓர் உயர்ந்த ஸ்வரத்தை மிக மெல்லிய குரலிற் பாடுங்கள். நாண்கள் வீங்கியிருந்தால் மெல்லிய ஒலி தடைப்படும். காற்று மட்டும் வரும். பலமாகப் பாடும்போது இக்குறை மறைந்துவிடக்கூடும். வழமையாக எட்டும் ஸ்வரம் மெல்லிய குரலில் இன்று வரவில்லையெனில், அன்று புதிய நுட்பத்தை ஒத்திவைத்து ஸ்வரங்களை மனத்தாற் பாடிப் பழகுங்கள். வந்துவிட்டால் தயக்கமின்றிப் பயிற்சியைத் தொடருங்கள்.

தொடரலாம்: தசைக் களைப்பு, ஸ்வரம் சற்று நடுங்குதல், பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் குரல் வழமைக்குத் திரும்புதல்.

நிறுத்த வேண்டும்: நோவு, எரிவு, பாடிய பின் கரகரப்பு மறுநாளும் நீடித்தல், வழமையான ஸ்வரங்கள் காணாமற்போதல்.

வைத்தியரைக் காண வேண்டும்: கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தல், குரல் திடீரென அடைத்தல், இரத்தம் வருதல், மூச்செடுக்கவோ விழுங்கவோ சிரமப்படுதல். இவற்றுள் கடைசி மூன்றும் ஏற்பட்டால் தாமதிக்கக்கூடாது. காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரே இதற்குரியவர்.

9. சில தவறான எண்ணங்கள்

"தண்ணீர் குடித்தால் நாண் உடனே நனையும்." விழுங்கும் நீர் களத்தினூடாகச் செல்கிறது, குரல்நாணைத் தொடுவதில்லை. உடல் முழுவதும் நீர்ச்சத்துப் பெறும்போதே நாண்களும் பயனடைகின்றன. எனவே பரீட்சை மண்டப வாசலில் ஒரு போத்தலைக் குடித்து முடிப்பதால் மட்டும் பயனில்லை. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

"கொத்தமல்லி, வேர்க்கொம்பு குடித்தால் எப்படியும் பாடலாம்." இவை தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் வீங்கிய நாணைப் பாடத்தக்கதாக மாற்றிவிடா.

"குரல் கட்டினால் இரகசியம் பேசினாற் போதும்." வலிந்து இரகசியம் பேசுவதும் குரல்வளையை இறுக்கலாம். மௌனமே ஓய்வு. தொண்டையை அடிக்கடி செருமுவதையும் தவிர்க்கவும்.

மாணவர்களே! கட்டுரையின் தொடக்கத்திற் கண்ட மாணவியை நினைத்துப் பாருங்கள். குரலைக் காப்பதற்காக அவள் பாடாமல் இருந்தாள். ஆனால் பாடாத ஸ்வரம் பரீட்சை நாளில் தானாக வரப்போவதில்லை. அன்று பதற்றத்துடன் முதற் தடவையாக அதை எட்ட முயல்வதே குரலுக்கு உண்மையான சுமை. இன்று மெல்லிய குரலில், ஆறுதலாக, ஆசிரியர் முன்னிலையில் அந்த ரிஷபத்தைத் தொட்டுப் பாருங்கள். நோவில்லையெனில் நாளையும் தொடுங்கள். குரலைக் காக்கும் வழியும் அதை வளர்க்கும் வழியும் வெவ்வேறல்ல.

நினைவிற் கொள்க
1. ஸ்வரத்தை உயர்த்துவது நாண்களின் இழுவையே, மூச்சின் பலமன்று.
2. உயரம், பலம், வேகம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுக.
3. களைப்புக்கு ஓய்வு, நோவுக்கு நிறுத்தம், நீடித்த கரகரப்புக்கு வைத்தியர்.

பயிற்சி வினாக்கள்
1. உயர்ந்த ஸ்வரத்தைப் பாடும்போது மூச்சை வலிந்து தள்ளுவது ஏன் பயனற்றது? வயலினை உதாரணமாகக் கொண்டு விளக்குக.
2. பயம் குரலில் நோவை உண்டாக்கும் முறையைப் படிமுறையாக எழுதுக.
3. மேல்ஸ்தாயி வரிசையைப் புதிதாகக் கற்கும் மாணவருக்கு ஒரு வாரப் பயிற்சித் திட்டம் தயாரிக்க.