வேலை குறைந்தது, சோறு குறையவில்லை

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் வட்டாரத்தில் மானாவாரி நிலங்களில் இன்றும் சோளம் விதைக்கப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் அது மாட்டுத் தீவனத்துக்கே போகிறது. சோளச்சோறும் கம்பங்கூழும் ராகிக் களியும் அன்றாட உணவாக இருந்த வீடுகளில் இப்போது மூன்று வேளையும் அரிசியே ஆள்கிறது.

பெரியவர்களின் உணவை நாக்கின் ருசி மட்டும் தீர்மானிப்பதில்லை. குடும்ப அந்தஸ்து, சமைப்பவரின் நேரம், கைக்காசு, செய்யும் வேலை ஆகிய நான்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

மாற்றத்தின் காரணங்கள்

முன்பு அரிசிச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் உரியது. வசதியானவர் உணவு என்ற மதிப்பைப் பெற்றது. களியும் கூழும் இல்லாதவர் உணவு எனப் பெயர் பெற்றன. கையில் காசு வந்ததும் முதலில் மாறியது சோறுதான்.

சோளத்தை நீர் தெளித்து உரலில் இடித்து, தவிடு புடைத்து, பிறகே உலையில் இட வேண்டும். காட்டு வேலை முடித்து வந்த பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. அரிசியை அவர்கள் விரும்பியதில் குற்றம் சொல்ல இடமில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைப்பதும் இம்மாற்றத்தை உறுதிப்படுத்தியது.

கவலை இறைத்து, ஏர் ஓட்டி, நடந்து சந்தைக்குச் சென்ற உடம்புக்கு நிறையச் சோறு தேவைப்பட்டது. இன்று மோட்டார், டிராக்டர், இருசக்கர வாகனம் வந்துவிட்டன. உழைப்பு குறைந்தும் சோற்றின் அளவு குறையவில்லை. இடையிடையே சர்க்கரை போட்ட தேநீரும் வடையும் சேர்ந்துகொண்டன.

விளைவு என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு உள்ளது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கமும் பெண்களின் இக்குறைக்கு ஒரு காரணம்.

100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராமே. கம்பில் இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் சிறுதானியம் மருந்தல்ல. அளவு மீறினால் களியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. தினமும் ஒரு வேளை மட்டும் அரிசிக்குப் பதில் சோளம், கம்பு அல்லது ராகி உண்ணலாம். உரலுக்குப் பதில் மாவு மில்லில் ரவையாக உடைத்துக்கொண்டால் பெண்களின் சுமை குறையும்.

2. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு வேளைக்கு அரை கிலோ வீதம் ஆண்டுக்குச் சுமார் 180 கிலோ சோளம் தேவை. நல்ல மழையில் ஏக்கருக்கு 800 கிலோ விளைந்தால் 25 சென்ட் நிலம் போதும். மானாவாரிக்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை என்ற கணக்கில் ஒன்றரை கிலோ விதை வேண்டும். தானியத்துக்கும் தட்டுக்கும் ஏற்ற கோ 32 போன்ற இரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கதிர் அறுத்தபின் தட்டு மாட்டுக்கே. சிறு பரப்பில் குருவிகள் மொய்க்கும்; பால் பிடிக்கும் பருவத்தில் காவல் அவசியம்.

3. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, காய்கறிகளைக் கூட்ட வேண்டும். முட்டைக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் வீட்டுப் பெண்களுக்கும் முட்டை கிடைக்க வேண்டும்.

4. உணவுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு சேரும்.

5. வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் உண்பது நன்று.

மாட்டுக்கு விதைக்கும் காட்டில் வீட்டுக்கும் கால் ஏக்கர் ஒதுக்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் செலவே. விதை, பருவம் பற்றிய விவரங்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.