மடக்கிய இறக்கையும் நெடுஞ்சாலையும்

பறப்பதற்காகக் கட்டிய ஒரு பொருளை ரோட்டில் இழுத்துக்கொண்டு போனால் அதற்கு என்ன ஆகும்? கொஞ்ச நாளாகவே இந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. நான் விமானி இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் தோண்டித் தோண்டிப் படித்ததில் ஒரு விஷயம் தெளிவாச்சு. ஆபத்து ரோட்டில் பாதிதான், மீதி போய்ச் சேர்ந்த பிறகு இருக்கு.

முதலில், இறக்கையை ஏன் மடக்க வேண்டும்? இடம்தான் காரணம். இறக்கை விரித்த விமானத்தை நிறுத்தப் பெரிய கொட்டகை வேண்டும், அதற்கு வாடகை வேண்டும். 1925-ல் பறந்த டி ஹாவிலண்ட் மாத் விமானத்திலேயே இந்த வசதி இருந்தது. 1932-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத் விமானத்துக்கும் இறக்கை மடங்கும். இன்றைக்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1984-ல் பிறந்த கிட்ஃபாக்ஸ். வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் இரண்டு பேர் விமானம். இறக்கைகளைப் பின்னால் மடக்கினால் அகலம் சுமார் இரண்டரை மீட்டருக்குள் அடங்கும். அமெரிக்க நெடுஞ்சாலையில் வண்டிக்கு அனுமதித்த அகலம் 102 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். ஆக, சட்டப்படி போகலாம். பத்திரமாகப் போகுமா என்பது வேறு கேள்வி.

இந்த விமானம் பலவீனமானது இல்லை. ஆனால் அதன் பலமெல்லாம் ஒரு திசைக்கானது. பறக்கும்போது சுமை இறக்கை முழுவதும் பரவுகிறது. முன்னும் பின்னும் உள்ள ஸ்பார்கள், அடியில் முட்டுக்கொடுக்கும் ஸ்ட்ரட் எல்லாம் சேர்ந்து தாங்குகின்றன. மடக்குவதற்கு முன் ஸ்பாரின் பின்னைக் கழற்றிவிடுகிறோம். மிச்சமிருப்பது பின் ஸ்பாரின் கீலும் ஸ்ட்ரட்டின் பிடிப்பும்தான். இறக்கை இப்போது ஒரு நீளமான நெம்புகோல். நுனி ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தால், அத்தனை அடியும் அந்தக் கீலில் போய் விழும்.

அதனால் இறக்கை நுனியை ஒரு தாங்கி வைத்து வாலோடு இறுக்கமாகப் பிணைக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம்: நுனியை உடலோடு கட்டினால், டிரெய்லரோடும் சேர்த்துக் கட்டக்கூடாது. விமானம் தன் டயர்மேல் ஒரு விதமாக ஆடும், டிரெய்லர் வேறு விதமாக ஆடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய இறக்கை கீலை நெம்பிவிடும்.

அடுத்தது காற்று. 2004-ல் வந்த அமெரிக்க லைட் ஸ்போர்ட் விதிப்படி, இந்த ரக விமானம் மணிக்கு 83 கி.மீ. வேகத்துக்குள்ளேயே காற்றில் நிற்க முடிய வேண்டும் என்று இருந்தது. நெடுஞ்சாலையில் நாம் போவதோ 100. மடக்கிய இறக்கையின் முன்விளிம்பு பக்கவாட்டைப் பார்த்து நிற்கிறது. எதிர்காற்றால் அது பெரிதாகத் தூக்காது. ஆனால் பக்கத்திலிருந்து பலமாக வீசினால், ஒரு பக்க இறக்கைக்கு அது பறக்கும்போது வரும் காற்று மாதிரியேதான். சக்கரங்களை டிரெய்லரோடு பட்டையால் கட்டுவது இதற்காகவும்தான்.

வால் பக்கம் முன்னால் வரும்படி இழுத்தால் இன்னொரு தொல்லை. எலிவேட்டரும் ரட்டரும் முன்விளிம்பில் கீல் வைத்தவை. பின்னாலிருந்து காற்று அடித்தால் காற்றில் திறந்த கதவு மாதிரி படீரென்று போய் மோதும். பூட்டி வைக்காமல் நகர்த்தவே கூடாது. சொந்தச் சக்கரத்திலேயே இழுக்கலாமே என்றால், அந்தச் சின்னச் சக்கரமும் பேரிங்கும் ஓடுபாதையில் சில நூறு மீட்டர் ஓடுவதற்கானவை, மணிக்கணக்கில் உருளுவதற்கானவை அல்ல.

டிரெய்லரிலும் கவனம் வேண்டும். 1,500 கிலோ தாங்கும் டிரெய்லரில் 300 கிலோ சொச்சம் விமானத்தை ஏற்றினால் ஸ்பிரிங் அசையவே அசையாது. ரோட்டின் குலுக்கல் நேராக விமானத்துக்குப் போகும். எடைக்கேற்ற, மெதுவான சஸ்பென்ஷன் தேவை. அதோடு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். எஞ்சின் உள்ள மூக்கு காரைப் பார்த்து இருந்தால் இந்தக் கணக்கு சுலபம்.

சரி, ஓடுதளம் வந்தாச்சு. இறக்கையை விரித்துப் பின்னைச் செருகுகிறோம். இங்கேதான் உயிர் இருக்கு. செருகிய பின்னுக்கும் செருகாத பின்னுக்கும் தரையில் வித்தியாசம் தெரியாது. இறக்கை இரண்டு நிலையிலும் ஒரே மாதிரிதான் நிற்கும். மேலே போய்ச் சுமை ஏறும்போதுதான் தெரியும். மென்பொருளில் தப்பான பதிப்பு ஏறினால் பழையதைத் திரும்ப ஏற்றலாம். இங்கே அது கிடையாது.

ஒவ்வொரு தடவையும் பிரித்து மாட்டும் கிளைடர்காரர்கள் இதற்கு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வெளியே நின்று அசையும் பாகத்தைக் கையால் அழுத்திப் பிடிப்பார். இன்னொருவர் உள்ளே குச்சியை அசைப்பார். கையில் எதிர்ப்பு தெரிந்தால்தான் இணைப்பு சரி. கண்ணால் பார்த்தது கணக்கில் வராது. பின்னுக்கும் அப்படித்தான்: ஒவ்வொன்றையும், அதன் பாதுகாப்புக் கிளிப்பையும் விரலால் தொட்டு எண்ண வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது, முதலிலிருந்து எண்ண வேண்டும்.