80 வயது வரை விளக்கு ஏற்றிய பெண்மணி!

கலங்கரை விளக்கம் கடலுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? ஏரிக்கும் உண்டு!

அமெரிக்காவில் உள்ள மிச்சிகன் ஏரி லேசுப்பட்டது அல்ல. நீளம் மட்டும் சுமார் 490 கிலோ மீட்டர். புயல் அடித்தால் கப்பலையே கவிழ்த்துவிடும்.

இந்த ஏரியின் தென்கோடியில், இந்தியானா மாநிலத்தில் இருக்கிறது மிச்சிகன் சிட்டி துறைமுகம். 1837-ல் இங்கே முதல் கலங்கரை விளக்கம் வந்தது. 1858-ல் புதுக் கட்டிடம் எழும்பியது. கீழே காவலர் குடியிருக்கும் வீடு. கூரை மேல் விளக்குக் கூண்டு.

சிபாரிசில் வந்த வேலை

1861-ல் இங்கு விளக்குக் காவலராக வேலைக்குச் சேர்ந்தார் ஹாரியட் கோல்ஃபாக்ஸ் என்ற பெண்மணி. பெரிய இடத்து சிபாரிசு! அவருடைய உறவினர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸ் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். பின்னால் துணை ஜனாதிபதியே ஆனவர்.

சம்பளம் வருஷத்துக்கு 350 டாலர்.

சிபாரிசில் வந்தவர் நாலு நாளில் மூட்டை கட்டிவிடுவார் என்றுதானே தோன்றும்? அந்த அம்மாள் 43 வருஷம் அசையவே இல்லை!

உறைந்துபோன எண்ணெய்

1871-ல் வேலை இரட்டிப்பானது. ஏரிக்குள் நீண்டிருந்த மரத்துறையின் நுனியில் இன்னொரு விளக்கு வைத்தார்கள். பிறகு அதை எதிர்க்கரைத் துறைக்கு மாற்றினார்கள். படகில் ஏறி அக்கரைக்குப் போய், அலை அடிக்கும் துறை மேல் நடந்து போய் விளக்கேற்ற வேண்டும்.

விளக்குக்கு ஊற்றியது பன்றிக்கொழுப்பு எண்ணெய். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடுகிறதல்லவா? இதுவும் அப்படித்தான். அடுப்பில் வைத்துச் சூடாக்கித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போவதற்குள் உறைந்துவிட்டால் திரும்பி வந்து மறுபடி சூடாக்க வேண்டியதுதான்!

1886-ல் வீசிய புயல் அந்தத் துறை விளக்கையே அடித்துக்கொண்டு போய்விட்டது. அம்மாள் அப்போதும் வேலையை விடவில்லை. காற்று, அலை, வந்துபோன கப்பல் என்று எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவருக்குத் துணையாக அந்த வீட்டில் இருந்தவர் தோழி ஆன் ஹார்ட்வெல் என்ற பள்ளிக்கூட ஆசிரியை.

மறு வருஷமே மரணம்

1904-ல், 80-வது வயதில் ஓய்வு பெற்றார். அதே வருஷம் கிழக்குத் துறையின் நுனியில் புது விளக்குக் கோபுரம் வந்தது. வீட்டு விளக்கின் கண்ணாடி லென்சைக் கழற்றி அதில் மாட்டினார்கள்.

மறு வருஷம், 1905-ல், அம்மாள் காலமானார்.

அவர் குடியிருந்த வீடு இன்று அருங்காட்சியகம். 1904-ல் கட்டிய கோபுரமும் துறை நுனியில் அப்படியே நிற்கிறது. அந்த விளக்கை ஏற்ற இப்போது ஆள் தேவையில்லை!