உலைப்பானையும் ஊட்டமும்

தைப்பிங் நகரம் மலேசியாவில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை அங்கே பொழிகிறது. பிற்பகல் மழை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று பந்தயம் கட்டும் வழக்கமும் முன்னாளில் அவ்வூரில் இருந்ததாகக் கூறுவர். பந்தயம் கட்டியவர்க்கு மழை விளையாட்டு. நகரைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கோ, வைகறையில் மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. நனைந்த மரத்திற் கத்தி வைத்தால் பால் கோப்பைக்கு வாராது, பட்டையெங்கும் பரவி ஒழுகி வீணாகும்.

ஆகவே தோட்டக் குடும்பத்தின் வரவு என்றும் ஒரே சீராக இருந்ததில்லை. வயிற்றின் தேவையோ சீரானது. இடைவெளியை நிரப்பியது மளிகைக் கடைப் பற்று. ‘555’ என்று அட்டையிற் பொறித்த சிறு குறிப்பேட்டில் கடைக்காரர் எழுதிக்கொண்டே வருவார். சம்பள நாளில் ஒரு பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். மாதக் கடைசியில் ஏட்டின் பக்கங்கள் நிறையும்போது, வீட்டுச் சமையலில் முதலிற் குறைந்தது எது? அரிசி அன்று. முதலில் மீன் குறையும், பின்னர்ப் பருப்பு, அதன்பின் காய்கறி. குழம்பில் நீர் ஏறும். கடைசியில் சோறும் உப்பும் மிளகாயும் எஞ்சும். வயிறு நிறைந்துவிட்டது போலவே தோன்றும். உடலோ ஊட்டமின்றி மெலியும்.

சிக்கனம் என்பதை அளவு குறைத்தல் என்றே பலரும் கொள்கின்றனர். எதை முதலிற் குறைப்பது, காசு கொடுத்து வாங்கியதில் எதைத் தெரியாமற் கொட்டிவிடுகிறோம் என்னும் இரண்டு கேள்விகளே சிக்கனத்தின் உயிர்நிலை. இவற்றுள் இரண்டாவது கேள்விக்கு விடை கண்ட இடங்களுள் மலாயா தலையாயது என்பதும், அவ்விடை தோட்டத் தமிழரின் சோற்றுப் பானையிலிருந்தே தொடங்கியது என்பதும் நம் மாணவர் பலர் அறியாத செய்திகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாருட் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்னும் நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால் மரத்துப் போகும்; வீக்கம் காணும்; நடை தளரும்; இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். தொற்றுநோய் என்றும், ஈரநிலத்து நச்சாவி என்றும் மருத்துவர் பலவாறு கூறினர். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். அதே நாட்டில், அதே மழையில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை இந்நோய் அரிதாகவே தீண்டியது. கம்பங்களில் தம் நெல்லைத் தாமே குற்றி உண்ட மலாய்க்காரரையும் அவ்வாறே. சீனர் உண்டதோ ஆலையில் நன்றாகத் தீட்டி வெளுத்த பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல். 1907இல் வெளியான தம் நூலில் பிராடன் வெள்ளரிசியையே குற்றவாளியாக நிறுத்தினார். அவ்வரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கூறிய காரணம் மட்டும் பிழை. கண்டது சரி, கருதியது தவறு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது.

1905ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார்; ஒற்றை எண்ணினரை ஒரு விடுதியிலும், இரட்டை எண்ணினரை மற்றொன்றிலும் வைத்தார். ஒரு விடுதிக்கு வெள்ளரிசி, மற்றதற்குப் புழுங்கல். வெள்ளரிசி உண்டவர்களுள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்டவர்களுள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் 1907 முதல் 1909 வரை, நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளர் 300 பேரை இரு பிரிவாக்கி அவ்வாறே ஆய்ந்தனர். வெள்ளரிசிப் பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறிற்று. ஐயத்திற்கு அதன்பின் இடமில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் தங்கியுள்ள, நீரிற் கரையும் சத்துகளுள் ஒரு பகுதி மணியின் உட்புறம் சென்று சேர்கிறது. பிறகு உமியும் தவிடும் நீங்கினாலும் அது மணியிலேயே நின்றுவிடுகிறது. பச்சை நெல்லைத் தீட்டினாலோ தவிட்டோடு அதுவும் போய்விடும். அச்சத்திற்கு அந்நாளிற் பெயர் கூட இல்லை. வைட்டமின் என்னும் சொல்லே 1912இல் பிறந்தது. 1926இல் சாவகத்தின் பத்தாவியா நகரில் யான்சன், டோனாத் என்னும் இருவர் அதனைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தனர். தயமின் என்றும் பி1 என்றும் வழங்குவது அதுவே. தமிழகத்துக் குன்னூரில் இயங்கிய ஊட்டச் சத்து ஆய்வகத்தின் தலைவராக 1935 முதல் இருந்த அய்க்ராயிடும் இதே உண்மையை அன்றைய சென்னை மாகாணத்திற் கண்டார்: பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களிற் பெரிபெரி இருந்தது, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் இல்லை எனுமளவிற்குக் குறைவு.

தைப்பிங்கிற்கு அண்மையிலேயே கிரியான் வயல்கள் உள்ளன. அவற்றிற்கான பாசனத் திட்டம் 1906இல் நிறைவெய்தியது. ஆயினும் தோட்டத் தமிழர் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த புழுங்கலையே நாடினர். விருந்துக்கும் வழிபாட்டிற்கும் பச்சரிசி, அன்றாட வயிற்றுக்குப் புழுங்கல் என்று நம்மவர் தாமே அதனைச் சற்றுத் தாழ்த்தி வைத்திருந்தனர். தாழ்த்தப்பட்ட அரிசியே அவர்களைக் காத்தது.

அவ்வளவு காத்த அரிசியையும் அடுக்களையிற் கெடுத்துவிட இயலும். அரிசியை நான்கைந்து முறை தேய்த்துக் களைந்தால், நீரிற் கரையும் சத்து கழுநீரோடு போகும். பச்சரிசியில் இவ்விழப்பு மிகுதி. புழுங்கலிற் குறைவு, ஆயினும் உண்டு. கல்லும் தூசும் மிகுந்திருந்த மூட்டை அரிசிக்குப் பல முறை களைதல் வேண்டியிருந்தது. இன்று பையில் வரும் துப்புரவான அரிசிக்கு ஒரு முறையோ இரு முறையோ போதும். அடுத்தது வடித்தல். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுபவர், கடையிற் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கை அங்கேயே கொட்டுகிறார். ஆசிரியர் வீடுகளில் அக்கஞ்சி வேட்டிக்கும் சட்டைக்கும் போயிற்று. ஆசிரியரின் சட்டை விறைப்பாக நின்றதற்கு அவர் வீட்டுப் பிள்ளைகள் கொடுத்த விலை அது! அளவாக நீர் வைத்து வற்றச் செய்தால் இழப்பில்லை. வடித்தே பழகியவர் கஞ்சியை உப்பிட்டுப் பருகலாம். இரசத்திற்கும் குழம்பிற்கும் நீருக்குப் பதிலாகச் சேர்க்கலாம். புழுங்கல் வேக நேரம் கூடுதலாகும், எரிபொருளும் கூடும் என்பது உண்மைதான். அரைமணி நேரம் முன்னதாக ஊறவைத்து, ஊறிய நீரிலேயே உலையேற்றினால் அச்செலவு குறையும்.

பெரட்டுக்குப் புறப்படும் முன் நீராகாரமும் பழஞ்சோறும் உண்டு சென்ற பழக்கத்தைப் பின்வந்த தலைமுறை நாணத்தோடு கைவிட்டது. எஞ்சிய சோறு வீணாகாமல் மறுநாட் காலைப் பசியாறலாக மாறிய ஏற்பாடு அது. ஆனால் இந்நாட்டு வெப்பத்தில் ஒரு விழிப்பு வேண்டும். சோறு ஆறியவுடன் நீரூற்றி வைத்தல் வேண்டும். பல மணி நேரம் வெறுமனே கிடந்த சோற்றை நீரூற்றிக் காப்பாற்ற முடியாது.

இனி முதற் கேள்விக்கு வருவோம். அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்களவே புரதம். பருப்பில் இருபதுக்கு மேல். எண்ணிக்கையினும் முக்கியமானது சேர்க்கை. அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள கூறு பருப்பில் உண்டு. பருப்பிற் குறைந்தது அரிசியில் உண்டு. தனித்தனியே உண்டால் அரைகுறை, சேர்த்து உண்டால் இரண்டும் நிறைவு பெறும். இட்டலிக்கு நான்கு பங்கு அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் என்று அளந்த பெண்டிர் இக்கணக்கை வேதியியல் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே மாதக் கடைசியில் பருப்பை நிறுத்திவிட்டுச் சோற்றைக் கூட்டுவது, உள்ள சோற்றின் பயனையும் குறைப்பதாகும். மீனுக்கும் இதுவே முறை. பெரிய மீன் துண்டு வாங்க இயலாத நாளில், பேராக்கின் பங்கோர்த் தீவு பெயர் பெற்ற உலர்ந்த நெத்திலி ஒரு பிடி, ஐவர் குழம்பிற்குப் போதும். முள்ளோடு உண்பதாற் சுண்ணாம்புச் சத்தும் கிட்டும். உப்பு மிகுதியாதலின் வெந்நீரில் அலசிச் சேர்ப்பது நன்று.

கீரை பற்றி நம்மிடையே ஒரு பழைய கூச்சம் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் வறிய குடும்பம், குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் காணாதவாறு கதவை அடைத்துவிட்டு உண்கிறது. ஆசிரியர்கள் இப்பகுதியை வறுமைக்குச் சான்றாகக் கற்பிப்பர், அது சரியே. ஆனால் அம்மனையில் இல்லாதிருந்தவை சோறும் உப்பும். இருந்த கீரை குறையுடைய உணவன்று. லயத்துக் கொல்லைகளில் முருங்கையும் பசலையும் தைப்பிங் மழையில் கேளாமலே தழைத்தன. பறித்தவர்களோ, கடையில் வாங்கிய கோவாவே மதிப்புடையது என்று எண்ணிக்கொண்டு பறித்தனர்.

அந்தக் கொல்லைகள் 1942 முதல் 1945 வரை உயிர் காத்தன. சப்பானியர் ஆட்சியிற் பர்மா அரிசி நின்றது. மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. கிழங்கு வயிற்றை நிரப்பும். புரதம் நூற்றுக்கு ஒன்றே. அதன் மாவைச் செரித்து ஆற்றலாக்குவதற்கு உடலுக்குத் தயமின் வேண்டும். கிழங்கு அதனைப் போதிய அளவு தருவதில்லை. முன்பு தமிழரை அணுகாதிருந்த கால்வீக்கம் அந்நாட்களில் அவர்களையும் அணுகிற்று. கிழங்கோடு அதன் கொழுந்திலையையும் நன்றாக வேகவைத்து உண்டவர் சற்றே தேறினர். நெருக்கடிக் காலத்தில், 1951இல் தொடங்கிய உணவுக் கட்டுப்பாடு வேறு வகைத் தொல்லை தந்தது: வேலைக்காட்டிற்குச் சோறு கொண்டு செல்லத் தடை, டின்களைக் கடையிலேயே துளையிட்டுக் கொடுத்தனர்.

இன்று பேராக்கின் இரப்பர்க் காடுகளிற் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. லயங்களை விட்டு வந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளிற் கொல்லையின்றி வாழ்கின்றனர். விலை நெருக்கம் அவர்களை அங்கும் தொடர்ந்து வந்தது. 2023 செப்டம்பர் முதல் நாள், இறக்குமதி வெள்ளரிசியின் மொத்த விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது. கிலோ 2 ரிங்கிட் 60 காசு எனக் கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசி கடைத் தட்டுகளிற் காணாமற் போயிற்று. அதற்குச் சில நாள் முன்னரே, ஆகஸ்டு 25இல், இந்தியா தன் புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 20 வரி விதித்திருந்தது. 2024 அக்டோபரிலேதான் அது முற்றும் நீங்கிற்று.

பெரிபெரி மறைந்தது, அதன் இடத்தில் வேறொன்று அமர்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவின் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு, இந்தியரிடையே 31.4. மரபு, உழைப்புக் குறைவு எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் பால் வெட்டி நடந்த கால்களுக்கு ஏற்ற சோற்றுக் குவியலை, நாள் முழுதும் அமர்ந்திருக்கும் உடலுக்கும் இடுவதை அக்காரணங்களிலிருந்து விலக்க முடியாது. பணம் குறையும்போது அக்குவியல் இன்னும் உயர்கிறது. சோறே மலிவு என்பதால்.

ஆதலாற் குறைக்கும் வரிசையைத் திருப்புதல் வேண்டும். சம்பளத்திற்கு ஒரு வாரம் இருக்கையில் முதலிற் சீனியும், டின் பாலும், பொரிக்கும் எண்ணெயும் சுருங்கட்டும். அடுத்து, உலையிலிடும் அரிசியில் ஆளுக்கு அரைப்பிடி எடுத்து வைக்கலாம். துவரம் பருப்பு, பரங்கிக்காய், ஒரு கொத்து முருங்கைக் கீரை, வடித்த கஞ்சி, ஒரு பிடி நெத்திலி. இவை ஒரே சட்டியில் கொதிக்கும்போது ஐவருக்கான குழம்பு கெட்டியாகவே இருக்கும். பருப்புப் புட்டியை மட்டும் மாதத்தின் கடைசி நாள் வரை காலியாக விடலாகாது.