குழியை மூட எவ்வளவு ஆகும்?

மக்களே, இது கொஞ்சம் வறட்டுப் பதிவு. பத்திரம், வழக்கு, நஷ்டஈடுன்னுதான் ஓடும். ஆனா நிலமோ வீடோ கடையோ யாருக்காவது விட்டிருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிச்சுடுங்க.

போன மாசம் ஊரிலிருந்து அப்பா போன். பெரியப்பாவோட ரெண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை ஒரு செங்கல் சூளைக்காரர் மூணு வருஷக் குத்தகைக்குக் கேட்கிறாராம். மண் எடுக்கத்தான்.

"ஆறடி ஆழம்தான் எடுப்பாராம். 'குத்தகை முடிந்ததும் நிலத்தைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்'னு பத்திரத்துல எழுதிருக்கு. நீதான் அங்க இதெல்லாம் படிக்கிறியே, இது போதுமாடா?"

நான் இங்கே மெல்போர்னில் கட்டுமான மேலாண்மை படிக்கிறேன். ஒப்பந்தச் சட்டம் ஒரு பேப்பர். ரெண்டு வகுப்புக்குப் போன தெம்புல "போதும்ப்பா, பக்காவா இருக்கு"ன்னுட்டேன். அடுத்த வாரமே வகுப்பில் எனக்கு ஆப்பு.

அன்னைக்கு நடத்தினது அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடந்த 'பீவிஹவுஸ்' வழக்கு. 1954-ல் ஒரு விவசாயக் கணவனும் மனைவியும் தங்கள் நிலத்தை நிலக்கரிக் கம்பெனிக்கு அஞ்சு வருஷக் குத்தகைக்கு விட்டாங்க. வெட்டி முடிச்சதும் நிலத்தைச் சீர்படுத்தித் தரணும்னு ஒப்பந்தத்தில் தனியா எழுதி வாங்கினாங்க. அதுக்காக வழக்கமா கிடைக்கிற 3,000 டாலர் முன்பணத்தைக்கூட விட்டுக்கொடுத்தாங்க. கம்பெனி கரியை எடுத்துட்டுக் குழியை அப்படியே போட்டுட்டுப் போயிடுச்சு.

சீர்படுத்த ஆகும் செலவு சுமார் 29,000 டாலர். ஆனா சீர்படுத்தாததால் நிலத்தோட சந்தை விலை எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்த்தா வெறும் 300 டாலர்! ஜூரி 5,000 டாலர் கொடுக்கச் சொன்னாங்க. மேல்முறையீட்டில் 1962-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை 300 ஆக்கிடுச்சு. கரி எடுப்பதுதான் ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கம், சீர்படுத்துவது சும்மா கூட வந்ததுன்னு ஒரு காரணம் வேற.

அதைக் கேட்டதும் எனக்குப் பெரியப்பா நிலம்தான் ஞாபகம் வந்துச்சு. மழையை நம்பி இருக்கிற நிலத்துக்கு விலை ஏற்கெனவே கம்மி. குழி விழுந்ததால் எவ்வளவு குறைஞ்சதுன்னு கணக்குப் போட்டா என்ன தேறும்?

இதுக்கு நேரெதிரான ஒரு வழக்கு இதே மெல்போர்ன்ல நடந்தது. டாப்கார்ப் என்ற கம்பெனி 1997-ல் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்துச்சு. வீட்டுக்காரம்மா பார்த்துப் பார்த்துப் கிரானைட் கல்லும் மரமும் வச்சுக் கட்டின முகப்புக்கூடத்தைக் அனுமதி வாங்காமலேயே இடிச்சுட்டாங்க. எழுத்துமூலமா அனுமதி வாங்காம மாத்தக்கூடாதுன்னு ஒப்பந்தத்தில் தெளிவா இருந்தது. கட்டடத்தோட மதிப்பு குறைஞ்சதைக் கணக்குப் பண்ணி முதல் நீதிபதி கொடுத்தது 34,820 டாலர். மேல்முறையீட்டில் அது 13.8 லட்சம் டாலராச்சு. திரும்பக் கட்ட 5.8 லட்சம், அந்த வேலை நடக்கும்போது போகிற வாடகைக்கு 8 லட்சம். 2009-ல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செஞ்சது. உன் கட்டடத்தை நீ கேட்ட மாதிரியே வச்சுக்க உனக்கு உரிமை இருக்கு, அதைத் திரும்பக் கொண்டுவர ஆகும் நியாயமான செலவுதான் நஷ்டம்னுட்டாங்க.

ஆக 'பழைய நிலைமைக்குக் கொண்டுவரும் செலவு' என்பதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, வேலையைச் செஞ்சு முடிக்க ஆகும் காசு. இன்னொண்ணு, செய்யாம விட்டதால் சொத்து விலையில் விழுந்த ஓட்டை. எதுன்னு எழுதலைன்னா நீதிபதிதான் முடிவு பண்ணுவார். முதல் வழக்கில் ரெண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட நூறு மடங்கு வித்தியாசம்.

மூணாவதா ஒரு அர்த்தமும் உண்டு, எனக்குப் பிடிச்சதும் அதுதான். அமெரிக்காவில் 1977-ல் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க. அனுமதி கிடைக்கிறதுக்கு முன்னாடியே கம்பெனி ஈடு கட்டணும். கம்பெனி ஓடிப்போனா அரசாங்கமே வேற ஆளை வச்சு வேலையை முடிக்க எவ்வளவு ஆகுமோ, அதுக்குப் போதுமான தொகையா அது இருக்கணும். கோர்ட்டுக்குப் போய்க் காசு கேட்கிற வேலையே இல்ல, காசு ஏற்கெனவே இந்தப் பக்கம் இருக்கு.

ஆனா ஒரு தடவை கணக்குப் போட்டா போதாது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், சுத்தி காக்கடு தேசியப் பூங்கா இருக்க, நடுவில் ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம். 2021 ஜனவரியில் உற்பத்தி நின்னுச்சு. பூங்காவோட சேர்க்கிற தரத்துக்கு அந்த இடத்தைச் சீர்படுத்தணும் என்பது நிபந்தனை. அதுக்கு 97.3 கோடி டாலர் ஆகும்னு சொல்லிட்டிருந்தவங்க, 2022 பிப்ரவரியில் 160 முதல் 220 கோடி வரை ஆகும்னாங்க. பெரிய பெரிய எஞ்சினியர்கள் போட்ட கணக்கே இப்படின்னா, நம்ம சூளைக்காரர் போடுற கணக்கு?

அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி "அப்பா, நான் சொன்னது தப்பு"ன்னு ஆரம்பிச்சேன். பத்திரத்தில் சேர்க்கச் சொன்னது இவ்வளவுதான்:

1. 'பழைய நிலைமை'ன்னா என்ன? இப்பவே மட்டம் பார்த்து, போட்டோ எடுத்து பத்திரத்தோட இணைக்கணும். மேல்மண்ணைத் தனியா குவிச்சு வச்சு, கடைசியா மேலே பரப்பணும். கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடக்கூடாது.

2. செலவுன்னா, ஒப்படைக்கிற நாளில் வெளியாளை வச்சு மூட ஆகும் செலவு. பொக்லைன் வாடகை, மண் லோடு, ஆள்கூலி எல்லாம் சேர்த்து. நில விலை குறைஞ்சுதா இல்லையாங்கிற பேச்சே கிடையாது.

3. அந்தத் தொகை முன்கூட்டியே டெபாசிட்டா வரணும். வருஷா வருஷம் திரும்பக் கணக்குப் போடணும். மூடி ஒரு மழைக்காலம் போய், மண் அமுங்கினது தெரிஞ்ச பிறகுதான் திருப்பித் தரணும்.

4. மூடி ஒப்படைக்கிற வரைக்கும் குத்தகைப் பணம் ஓடிக்கிட்டே இருக்கும்.

நஷ்டஈடா ஒரு தொகையை மட்டும் எழுதிட்டு விட்டுடாதீங்கன்னும் சொன்னேன். 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவுப்படி அந்தத் தொகைதான் உச்சவரம்பு. அதுக்குள்ள நியாயமானது எதுவோ அதுதான் கிடைக்கும்.

சூளைக்காரருக்கு முதலில் கோபம். "அண்ணாச்சிக்கு என் மேல இவ்வளவுதான் நம்பிக்கையா?"ன்னு பெரியப்பாகிட்டயே கேட்டாராம். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கார். ஆறடி தோண்டினா எடுக்கிற மண்ணோட லாபத்தை விட மூடுற செலவு அதிகமா வருதாம்! இப்ப மூணடி போதும்ங்கிறார். டெபாசிட்டை ரெண்டு தவணையா தர்றேன்னும் சொல்லியிருக்கார்.

அதாவது முந்தின பத்திரப்படி அந்தச் செலவு எங்கேயும் போயிடலை. பெரியப்பா தலையில்தான் உட்கார்ந்திருந்தது, எழுதாம இருந்ததால யாருக்கும் தெரியலை.

பெரியப்பா இன்னும் கையெழுத்துப் போடலை. "மூணடின்னாலும் குழி குழிதானடா"ங்கிறார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

உங்க ஊர்ல மண்ணுக்கோ கல்லுக்கோ நிலம் விட்டவங்க இருந்தா, திரும்ப எப்படி வந்துச்சுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லீங்க. பத்திரம் எழுதும்போது நல்ல வக்கீலா பார்த்துக் கேட்டுக்குங்க.