மரமாகக் கிளைக்கும் கொம்புகள்

மத்தியப் பிரதேசத்து மலைநாட்டில், பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுச் சுவரை மண்ணால் மெழுகி, அதன்மேல் ‘டிக்னா’ என்னும் கோலம் தீட்டும் வழக்கம் கோண்டு குலப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அந்த மண்சுவர்க் கலை தலைநகரின் பொதுக் கட்டடங்களை வந்தடைந்ததற்குப் பெரிதும் காரணமானவர், பாடன்கர் கிராமத்தில் பிறந்த ஜங்கர் சிங் ஷ்யாம். ஓவியர் ஜே. சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு வரவழைக்க, 1982-இல் திறக்கப்பட்ட பாரத் பவனிலும், பின்னர் சார்லஸ் கொரியா வடிவமைத்த சட்டமன்றக் கட்டடத்திலும், வனத்து ஜீவராசிகளை அவர் பிரம்மாண்டமாகத் தீட்டினார்.

புள்ளிகளும் சிறு கோடுகளும் அலையலையாய் நிறைந்த உடலோடு நிற்கும் அவருடைய மான்களின் கொம்புகள், பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மரக்கிளைகளாக விரிவது போலத் தோன்றும். மானையும் விருட்சத்தையும் பிரித்தறியாத அந்தப் பார்வையே, என் அபிப்பிராயத்தில், வனப் பாதுகாப்பின் சாரம்.

ஏனெனில் அதே மாநிலத்தின் பாரசிங்கா என்ற மான், வேட்டையாலும் தன் புல்வெளிகளை இழந்ததாலும் க்ஷீணித்து, 1970-இல் கான்ஹா வனத்தில் வெறும் 66 என்ற எண்ணிக்கைக்கு இறங்கியது. புலி நுழையாத வேலிக்குள் வைத்துப் பேணியும், புல்வெளிகளை மீட்டும், வனத்துறையினர் அந்த இனத்தை அழிவின் விளிம்பிலிருந்து மீட்டனர்.

ஜங்கர் 2001-இல் ஜப்பானில் காலமானார். போபாலுக்குச் செல்லும் அன்பர்கள் பாரத் பவனையும், அதற்குச் சமீபத்திலுள்ள வன விஹாரில் உயிரோடு மேயும் பாரசிங்காக்களையும் ஒரே நாளில் பார்த்துவர வேண்டுகிறேன்.