ஐந்து மீனும் ஒரு தராசும்

குளக்கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனை யாரும் உழைப்பாளியாகக் கருதுவதில்லை. வேலை வெட்டி இல்லாதவன் என்று எண்ணிக்கொண்டு மேலே நடந்துவிடுவோம். வகுப்பிலே ஜன்னல் வழியாகப் பராக்குப் பார்க்கும் பையனை நானே பல முறை "என்னடா, தூண்டிற்காரா!" என்று அழைத்திருக்கிறேன். ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் தூண்டில் ஒன்றையே தொழிலாகக் கொண்டு, ஏரிக்கு ஏரி பந்தயத்துக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு எத்தகையது என்று அறிந்த பிறகு, அந்தப் பையனை அப்படி அழைப்பதை நிறுத்திவிட்டேன்.

அவர்கள் தேடுவது "பாஸ்" என்னும் நன்னீர் மீன். ஏரியில் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளை, பாறை இடுக்கு, நீர்ப்பூண்டு ஆகியவற்றின் நிழலில் பதுங்கியிருந்து, அருகே வரும் சிறு மீன்மேல் சட்டென்று பாயும் சுபாவமுடையது. தூண்டிலில் அகப்பட்டாலோ, தண்ணீருக்கு மேலே துள்ளி எழுந்து, அகன்ற வாயைத் திறந்து தலையை உதறும். பத்துக்கு மூன்று தடவை முள்ளை உதறிவிட்டுப் போய்விடும் என்று நான் கணக்குச் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் பந்தயக்காரர்களின் பழங்கதைகளில் பாதி, கைக்கு வந்து தப்பிப்போன மீனைப் பற்றியவைதாம்.

இந்தத் தொழிலுக்கு வித்திட்டவர் ஓர் இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு. அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரத்தைச் சேர்ந்த ரே ஸ்காட் என்பவர் 1967-ம் வருஷம் மார்ச்சு மாதம் மிஸிஸிப்பி மாகாணத்துக்கு மீன் பிடிக்கப் போனார். மழை பிடித்துக்கொண்டது. ஹோட்டல் அறையில் அடைபட்டு, டெலிவிஷனில் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, பந்துக்குக் கூடுகிற கூட்டம் மீனுக்கும் கூடாதா என்று தோன்றிற்று. அதே வருஷம் ஜூன் மாதம் ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்துப் பீவர் ஏரியில் 106 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டிப் போட்டியிட்டார்கள். முதற் பரிசான 2,000 டாலரைப் பெற்றவர் ஸ்டான் ஸ்லோன். மறு வருஷமே ஸ்காட் ஒரு சங்கம் நிறுவினார். 1971-ல் அந்தச் சங்கத்தின் "கிளாசிக்" பந்தயம் ஆரம்பமாயிற்று. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 24 பேருக்கும் எந்த ஏரி என்றே சொல்லவில்லை. ஆகாய விமானம் கிளம்பி வானத்தில் பறக்கும்போதுதான் நெவாடாவிலுள்ள மீட் ஏரி என்று அறிவித்தார்கள். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிடுகிற பேச்சுக்கே இடமில்லை!

பந்தயத்தன்று விடியுமுன்பே படகுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு படகும் 20 அல்லது 21 அடி நீளம். 250 குதிரைச் சக்தி இயந்திரம். படகுக்குள்ளேயே மீனை உயிரோடு வைப்பதற்கு நீர்த்தொட்டி உண்டு. தொட்டியில் முன்னதாகவே மீன் ஒளித்திருக்கிறதா என்று சோதித்த பிறகே படகை விடுவார்கள். உயிருள்ள இரையை உபயோகிக்கக் கூடாது. ரப்பர் புழு, மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பொய் மீன் இவைதாம் ஆயுதம். போட்டியாளர் படகின் முனையில் நின்று, ஒரு காலால் சிறு மின்சார இயந்திரத்தை இயக்கிக்கொண்டே, நாள் முழுதும் ஓயாமல் தூண்டிலை வீசுவார். எத்தனை மீன் பிடித்தாலும் கணக்கில் சேர்வது ஐந்து. ஆறாவது பெரிதாயிருந்தால், தொட்டியில் உள்ளவற்றில் சிறியதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

கஷ்டமெல்லாம் கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. நேற்று மீன் கிடைத்த துறையில் இன்று ஒன்றுமில்லை. காற்றுத் திசை மாறியிருக்கும், தண்ணீர் குளிர்ந்திருக்கும், மீன் ஆழத்துக்குப் போயிருக்கும். அங்கேயே காத்திருப்பதா, இருபது மைல் தள்ளி வேறு துறைக்கு ஓடுவதா? ஓடினால் ஓடுகிற நேரமெல்லாம் தூண்டில் தண்ணீரில் இல்லை. உள்ளூர்க்காரனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமென்றால், பெரிய பந்தயங்களில் விதி அதையும் தடுக்கிறது. திரும்பி வருவதற்கும் நேரம் குறித்திருக்கிறது. ஒரு நிமிஷம் தாமதமானால் ஒரு பவுண்டு எடை கழிந்துபோகும். 15 நிமிஷத்தைத் தாண்டினால் அன்றைய எடை முழுவதும் சூன்யம். பரீட்சை மண்டபக் கதவைச் சாத்துகிற நானே இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை.

தராசில் வைக்கும்போது மீன் இறந்திருந்தால், மீனுக்கு 4 அவுன்ஸ் குறைப்பார்கள். ஆரம்பத்தில் இந்த விதி கிடையாது. பிடித்த மீனைக் கொல்லாமல் ஏரியிலேயே திரும்ப விடவேண்டுமென்ற இயக்கத்தை ஸ்காட் 1972-ல் தொடங்கினார். பணமும் புகழும் தேடுகிற போட்டியில் இப்படி ஒரு ஜீவகாருண்யம் நுழைந்தது வியப்புத்தான். ஏரி வறண்டால் தொழிலும் வறண்டுபோகும் என்ற கணக்கும் அதில் கலந்திருக்கலாம், இருந்தால் என்ன?

தராசு உள்ள இடத்தில் வஞ்சகமும் எட்டிப் பார்க்கும். 2022-ல் கிளீவ்லாந்தில், ஈரி ஏரியில் "வால்-ஐ" என்ற வேறு ஜாதி மீனுக்கு நடந்த பந்தயமொன்றில், உருவத்துக்கு மிஞ்சி எடை காட்டிய மீன்களை அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் ஈயக் குண்டுகள்! கூடியிருந்த ஜனங்கள் கொதித்துப்போனார்கள். போட்டியாளர் இருவருக்கும் மறு வருஷம் 10 நாள் சிறைவாசம் கிடைத்தது, படகும் பறிபோயிற்று.

நேர்மையாகப் போராடுகிறவன் பாடு வேறு. டாகாஹிரோ ஓமோரி என்ற ஜப்பானிய வாலிபர் 1992-ல் இந்தத் தொழிலை நாடி அமெரிக்கா வந்தார். இங்கிலீஷ் சரியாகத் தெரியாது; கையில் காசும் இல்லை. டெக்ஸாஸ் மாகாணத்து ஃபோர்க் ஏரிக்கரையில் தம்முடைய மோட்டார் வண்டிக்குள்ளேயே படுத்துறங்கி வருஷங்களைக் கழித்தார். பந்தயத்துக்குக் கட்டணம் கட்டுவது, தோற்பது, மறுபடியும் பணம் சேர்ப்பது என்று காலம் ஓடிற்று. மீன் கிடைக்காத நாளில் கட்டணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

2004-ம் வருஷம் கரோலினா மாகாணங்களின் எல்லையில் உள்ள வைலி ஏரியில் கிளாசிக் பந்தயம் நடந்தது. கடைசி நாள். கரைக்குத் திரும்புவதற்குச் சில நிமிஷங்களே பாக்கி. ஓமோரி தூண்டிலை மாற்றி, சிறு மீனைப் போன்ற பொய்யிரை ஒன்றை எடுத்து வீசினார். ஒரு பாஸ் கவ்விற்று. அதைத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் வீசினார், இன்னொன்று. படகைத் திருப்பிக்கொண்டு வந்து தராசில் வைத்தார். வண்டிக்குள் படுத்துறங்கியவருக்கு அன்று கிடைத்த பரிசு 2,00,000 டாலர்.